வேலியில் கட்டிய நோட்டீஸை ஏன் படிக்க வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தெரு மாறப்போகிறது என்றால் அதன் முதல் அடையாளம் வேலியில் கட்டிய ஒரு நோட்டீஸ்தான். ஆங்கிலத்திலும் ஸூலுவிலும் அச்சடித்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பியால் இறுக்கியிருப்பார்கள். மனை எண், அந்த மனை இப்போது எந்த மண்டலத்தில் (வீட்டுக்கா, கடைக்கா, தொழிலுக்கா) இருக்கிறது, விண்ணப்பதாரர் என்ன கேட்கிறார், கோப்பை எங்கே போய்ப் பார்க்கலாம், ஆட்சேபணையை எந்தத் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவர்களும் மாலையில் நடக்கப் போகிறவர்களும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். சில மாதம் கழித்து மண் தோண்டும் இயந்திரம் வந்து நிற்கும்போது, "எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலையே" என்று தெருவே கொதிக்கிறது. கேட்டிருந்தார்கள். பதில் சொல்லும் காலம் முடிந்துபோயிருந்தது.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, வேலைக்கு டர்பன் வந்து, இங்கேயே பெண் எடுத்து, ரெசர்வார் ஹில்ஸில் குடியிருக்கிறேன். என் தொழில் தெரிந்தவர்கள் கோயிலில், கல்யாண மண்டபத்தில், பதினாறாம் நாள் காரியத்தில்கூட என்னை ஓரமாக அழைத்துப் போய் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "பக்கத்து வீட்டுக்காரன் நாலு மாடி போடப்போறானாம் தம்பி. கவுன்சிலர்கிட்ட போனா நிறுத்திடலாம்ல?" நிறுத்த முடியாது. ஏன் முடியாது, யாரால் முடியும், எப்படி முடியும் என்பதை ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டர்பனை ஆளும் எதெக்வினி மாநகராட்சிக்கு 111 வார்டுகள், 222 கவுன்சிலர்கள். ஒரு மனையில் கடை வரலாமா, விடுதி வரலாமா என்பதை இந்த 222 பேரும் கைதூக்கி முடிவு செய்வதாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். 2015 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த வழியை மூடிவிட்டது. இடத் திட்டமிடலுக்கும் நிலப் பயன்பாட்டுக்குமான 2013-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் சட்டம் அது. தொழிலில் உள்ளவர்கள் ஸ்ப்ளூமா என்போம். மாநகராட்சி ஒரு திட்டமிடல் தீர்ப்பாயம் அமைக்க வேண்டும், அதில் மாநகராட்சி அதிகாரிகளும் வெளியிலிருந்து வரும் வல்லுநர்களுமாகக் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும், கவுன்சிலர் யாரும் உறுப்பினராகக் கூடாது என்று அது சொல்கிறது. எதிர்ப்பில்லாத சின்ன விண்ணப்பங்களை, அதிகாரம் தரப்பட்ட ஓர் அதிகாரியே முடித்துவிடலாம். பெரியவையும் தகராறு உள்ளவையும் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

இந்த அதிகாரம் மாநகராட்சியின் கைக்கு வந்ததே ஒரு வழக்கால்தான். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மாகாணங்கள் தனித் தீர்ப்பாயங்கள் வைத்திருந்தன. மாநகராட்சியைச் சுற்றிக்கொண்டு அங்கே போய் அனுமதி வாங்கிவிட முடிந்தது. ஜோஹனஸ்பர்க் மாநகராட்சி நீதிமன்றம் போனது. 2010-இல் அரசியல் சாசன நீதிமன்றம், நகரத் திட்டமிடல் உள்ளாட்சிக்கு அரசியல் சாசனமே கொடுத்த பொறுப்பு, அதை மாகாணம் எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்த்துச் சொன்னது. ஆக, முதலில் அதிகாரம் மாகாணத்திடமிருந்து நகரத்துக்கு வந்தது. அப்புறம் நகரத்துக்குள்ளேயே அரசியல்வாதியின் கையிலிருந்து விலகியது. இரண்டும் சரியான முடிவுகள் என்றே நான் நம்புகிறேன். ஓட்டுக் கேட்டு வர வேண்டியவரிடம், "இந்த மனைக்கு மட்டும் தலையசையுங்கள்" என்று கேட்கிற நிலை யாருக்கும் நல்லதில்லை. கேட்கிறவருக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை.

அப்படியானால் கவுன்சிலருக்கு வேலையே இல்லையா என்றால், பெரிய வேலை இருக்கிறது. நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும் என்கிற இட வளர்ச்சிக் கட்டமைப்பையும், எந்த மனையில் என்ன செய்யலாம் என்கிற நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையும் கவுன்சிலர்கள் கூடும் மன்றம்தான் ஏற்றுக்கொள்கிறது. தீர்ப்பாயம் அந்தக் கட்டமைப்புக்கு முரணாக முடிவெடுக்கக் கூடாது. அந்த இடத்துக்கே உரிய தனிச் சூழ்நிலை இருந்தால் மட்டும் விலகலாம். இதை நம் ஆட்கள் கவனிப்பதில்லை. வரைவு வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்து, வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று அழைக்கும்போது கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். உங்கள் சாலையோரத்தைப் "பலமாடிக் குடியிருப்புக்கு ஏற்ற இடம்" என்று அந்த வரைபடம் நிறம் தீட்டிய பிறகு, ஒவ்வொரு மனையாகத் தடுத்துக்கொண்டிருப்பது மிகவும் கடினம். கவுன்சிலரைப் பிடிக்க வேண்டிய காலம் அது.

இனி அந்த நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைப் பற்றி. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் அட்டவணை இருக்கும். முதல் பத்தியில் எந்த அனுமதியும் கேட்காமல் செய்யக்கூடிய பயன்பாடுகள். வீட்டு மண்டலம் என்றால் வீடு. அடுத்ததில் ஸ்பெஷல் கன்சென்ட், அதாவது சிறப்பு ஒப்புதல் வாங்கிச் செய்யக்கூடியவை. வழிபாட்டு இடம் பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் வரும். மூன்றாவதில் அடியோடு கூடாதவை. வீட்டு மண்டலத்தில் லாரி நிறுத்துமிடம், கிடங்கு போன்றவை. கூடாத பத்தியில் இருப்பதைச் செய்ய வேண்டுமானால் ஒப்புதல் போதாது, மண்டலத்தையே மாற்றக் கேட்க வேண்டும். அதுதான் ரீஜோனிங். இதோடு, மனையில் எவ்வளவு பங்கைக் கட்டடம் மூடலாம், மொத்தத் தளப்பரப்பு எவ்வளவு, எத்தனை மாடி, தெருவிலிருந்தும் பக்கத்து மனையிலிருந்தும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவுகள். உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய பத்திரங்களில் "ஒரே ஒரு குடியிருப்பு" என்பது போன்ற கட்டுப்பாடு எழுதியிருக்கலாம். மண்டலம் அனுமதித்தாலும் பத்திரம் தடுக்கும்; அதை நீக்கவும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் நடந்த ஒரு விவகாரத்தைச் சொன்னால் இதெல்லாம் எப்படி ஓடுகிறது என்று புரியும். ரெசர்வார் ஹில்ஸ், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தை ஒட்டிய மேட்டுப் பகுதி. 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒரு கல்லூரியை அன்றைய அரசு தொடங்கியது. அதுதான் பின்னால் வெஸ்ட்வில் மலைக்கு இடம் மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்று மாகாணத்தின் கிராமங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். அரசின் மாணவர் நிதி உதவித் திட்டம் தங்கும் செலவையும் தருகிறது. வளாகத்துக்குள் எல்லாருக்கும் இடம் போதாது. அதனால் சுற்றியுள்ள வீடுகள் ஒவ்வொன்றாக மாணவர் விடுதிகளாகின்றன. சில அனுமதியோடு, பல அனுமதியில்லாமல்.

எங்கள் தெருவுக்கு மேல் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கியவர்கள், அதை இடித்துவிட்டு மாணவர் விடுதி கட்ட மண்டல மாற்றம் கேட்டிருந்தார்கள். நோட்டீஸைப் பார்த்தது என் மாமியார். கோயிலில் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டுப் பத்து நாற்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் ஏற்கெனவே கையெழுத்துத் தாள் தயாரித்து வைத்திருந்தார். "நாங்கள் இதை வன்மையாக எதிர்க்கிறோம்" என்று மேலே ஒரு வரி, கீழே கோடுகள்.

நான் எழுந்து, அந்தத் தாளில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாலும் தீர்ப்பாயத்துக்கு அது ஒரே ஓர் ஆட்சேபணைதான் என்று சொன்னேன். சிலருக்கு வருத்தம். தீர்ப்பாயம் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. பொதுநலன், அரசியல் சாசனம் கேட்கும் சமூக மாற்றம், தண்ணீர், மின்சாரம், சாலை, கழிவுநீர் ஆகியவற்றின் நிலை, பள்ளி, திறந்தவெளி போன்ற தேவைகள், விண்ணப்பதாரரின் உரிமை, பாதிக்கப்படுகிறவர்களின் உரிமை என்று அது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைச் சட்டமே வரிசைப்படுத்தியிருக்கிறது. மாநகராட்சியின் ஒவ்வொரு துறையும் கோப்பில் தன் குறிப்பை எழுதும். டர்பனில் இன்னொன்றும் உண்டு. பள்ளத்தாக்குகள், ஓடைக்கரைகள், காடுகள் எல்லாவற்றையும் இணைத்து மாநகராட்சி ஒரு திறந்தவெளி வலைப்பின்னலை வரைந்து வைத்திருக்கிறது, டிமாஸ் என்பார்கள். மனையின் ஒரு மூலை அதற்குள் விழுந்தாலும் சுற்றுச்சூழல் துறையின் கருத்து வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் மண்ணை வெட்டினால், மழைநீரைத் தப்பான பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகு இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்படிக் கோப்பில் இருக்கும் ஒரு கேள்விக்குப் பதிலாக நம் கடிதம் இருக்க வேண்டும். "பிடிக்கவில்லை" என்பது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை.

மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார்; 'ஆண்டி' என்றுதான் எல்லாரும் அவரை அழைப்போம். விதவை, தனியாக இருப்பவர், அந்த விண்ணப்ப மனைக்குக் கீழ்ச்சரிவில் வீடு.

"அந்த மேன்ஹோல் பத்திப் பேசலாமா தம்பி? பெரிய மழைக்கெல்லாம் பொங்கி என் வாசலுக்கு வருது. ஆள் வந்து அடைப்பு எடுத்துட்டுப் போவாங்க. அடுத்த மழைக்கு மறுபடியும் பொங்கும். நான் ஒவ்வொரு தடவையும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி காலண்டர் பின்னாடி எழுதி வெச்சிருக்கேன்."

"எத்தன காலண்டர் ஆண்டி?"

"எல்லாம் இருக்கு. எதையும் தூக்கிப் போடல."

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் அந்தக் காலண்டர்களைப் பார்த்தேன். கோயில் கொடுத்த காலண்டர், கசாப்புக் கடைக் காலண்டர், மருந்துக்கடைக் காலண்டர். பின்பக்கத்தில் தேதி, மழை எப்படி, எத்தனை மணிக்குப் பொங்கியது, புகார் எண். அடைப்பு மட்டும் காரணம் என்றால் எடுத்ததும் சரியாகியிருக்க வேண்டும். மழை நாளில் மட்டும் பொங்குகிறது என்றால் மழைநீர் கழிவுநீர்க் குழாய்க்குள் நுழைகிறது, குழாய் அதைத் தாங்கவில்லை என்று பொருள். இருக்கிற வீடுகளுக்கே போதாத குழாயில் ஒரு விடுதியின் குளியலறைகள் சேர்ந்தால் என்ன ஆகும்? விண்ணப்பத்தோடு வைத்த பொறியாளர் அறிக்கை குழாயின் அளவை வைத்துக் கணக்குப் போட்டிருந்தது. தரையில் நடப்பது ஆண்டியின் காலண்டரில் இருந்தது.

எழுத்தாக ஆட்சேபணை தர 30 நாள். பத்திரிகையில் விளம்பரம் வந்த நாளைப் பார்த்துக் கடைசித் தேதியை எல்லாருடைய போனிலும் குறித்துக்கொண்டோம். ஒரே கடிதத்தை நகலெடுத்துப் பெயர் மாற்றி அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். வளைவில் வீடு உள்ளவர், பேருந்து நிற்கும் நேரத்தில் அந்த வளைவில் எதிரே வரும் கார் தெரிவதில்லை என்பதைப் படத்தோடு எழுதினார். சரிவுக்குக் கீழே உள்ளவர் தடுப்புச் சுவரைப் பற்றி எழுதினார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், விண்ணப்பத்தில் காட்டிய கார் நிறுத்துமிடங்களில் சிலவற்றுக்கு வண்டி உள்ளே திரும்பவே இடமில்லை என்று அளந்து காட்டினார். கோயில் சார்பில் ஒரு கடிதம். ஆண்டியின் கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினாள். காலண்டர் பக்கங்களின் நகல்களை இணைத்தோம்.

அந்த மண்டபக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றியது அதனால்தான்.

ஒருவர் எழுந்து, "குழாய், காரெல்லாம் சரி. உண்மையான பிரச்சினையச் சொல்லுங்க. இந்த ஸ்டூடண்ட்ஸ் வந்தா ஏரியா கெட்டுடும். என்ன மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வீட்டு விலை விழுந்துடும். அதையும் எழுதணும்" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

என் மாமியார் மெல்லிய குரல்காரி. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "எங்களப் பத்தியும் இதேதான் எழுதினாங்க, அண்ணா."

அத்தை பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சி தன்னுடைய இந்தியத் தொழிலாளர்களுக்குக் கட்டிவைத்திருந்த வரிசைக் குடியிருப்பு அது. குப்பை அள்ளியவர்கள், சாலை போட்டவர்கள், பூங்கா பார்த்தவர்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். 1960-களில் அவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். என் மாமனாரின் குடும்பம் கேட்டோ மேனரில் காய்கறி பயிரிட்டது. அந்த மண்ணை 1958-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள்.

இதையெல்லாம் பிரிட்டோரியாவில் இருந்த நாட்டு அரசு மட்டும் செய்துவிடவில்லை. டர்பன் நகர மன்றம் அவர்களுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. நகராட்சி நிலத்தை விற்கும்போதே ஆசியருக்குக் கூடாது என்று நிபந்தனை போட 1922-ஆம் ஆண்டு ஆணை ஒன்று வழிசெய்தது. 1940-களின் தொடக்கத்தில், வெள்ளையர் தெருக்களுக்குள் இந்தியர் எவ்வளவு "ஊடுருவி" இருக்கிறார்கள் என்று எண்ணவே விசாரணைக் குழுக்கள் போட்டார்கள். அந்தச் சொல்லைத்தான் அரசுத் தாள்களில் எழுதினார்கள். ஓர் இந்தியர் வந்தால் தெருவின் மதிப்புப் போய்விடும் என்பதுதான் அன்றைய ஆட்சேபணைகளின் சாரம். 1943-இல் இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுக்க ஒரு சட்டம், 1946-இல் இன்னொன்று. அதை எதிர்த்து 1946 ஜூனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில் நம் ஆட்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். 1950-இல் எந்த இனம் எங்கே வாழலாம் என்று பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்ததும், நகர மன்றத்தின் தொழில்நுட்பத் துணைக்குழு 1951-இலேயே ஊரை இனவாரியாகப் பிரிக்கும் வரைபடத்தைத் தயார் செய்துவிட்டது. ஆறு எங்கே, குன்று எங்கே, ரயில் பாதை எங்கே, எதை எல்லையாக வைத்தால் ஓர் இனம் இன்னொன்றின் தெரு வழியாக வேலைக்குப் போக வேண்டியிருக்காது என்று நல்ல திட்டமிடல் அறிவோடு கணக்குப் போட்ட வரைபடம். என் தொழிலின் அதே கருவிகள்தான்.

1991-இல் குழுப் பகுதிச் சட்டம் போனது. இன்றைய சட்டமான ஸ்ப்ளூமா தன் கொள்கைகளில் முதலாவதாக வைத்திருப்பது இட நீதி: முன்பு விலக்கப்பட்டவர்களுக்கு நிலமும் நகரமும் கிடைக்க வேண்டும். கிராமத்திலிருந்து படிக்க வரும் பிள்ளை கல்லூரிக்குப் பக்கத்தில் தங்க இடம் தேடுவது அந்தக் கொள்கைக்குள் அப்படியே பொருந்துகிறது. தீர்ப்பாயம் கேட்க வேண்டியது, இந்தக் கட்டடம் இந்த மண்ணையும் குழாயையும் சாலையையும் என்ன செய்யும் என்பதைத்தான். யார் குடிவருவார்கள் என்று கேட்க அதற்கு உரிமை இல்லை. நமக்கும் இல்லை. வேறு எந்தச் சமூகம் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். "என்ன மாதிரி ஆளுங்க" என்ற ஒரு வரி நம் கடிதத்தில் இருந்தால், அது ஆண்டியின் காலண்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அறத்துக்காகவும் சொல்கிறேன், வழக்குக்காகவும் சொல்கிறேன். அந்த வரி எந்தக் கடிதத்திலும் வரவில்லை. சொன்னவரும் கடைசியில் கார் நிறுத்துமிடத்தைப் பற்றியே எழுதினார்.

தீர்ப்பாயம் விசாரணைக்கு அழைத்தது. அதற்கு முன் இடத்தையும் வந்து பார்த்தார்கள். ஆட்சேபித்தவர்களுக்குப் பேச நேரம் கொடுத்தார்கள். எழுதியதைத் தாண்டிப் புதிதாக எதையும் கிளப்பாமல் பேசச் சொன்னார்கள். ஆண்டி புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். குழாய் எப்போது போட்டது, எந்த மழைக்குப் பொங்கியது என்று அவர்கள் அவரிடமே கேட்டார்கள். பொறியாளரிடம் திரும்பி, இந்தப் புகார் எண்களைப் பார்த்தீர்களா என்றார்கள்.

முடிவு நாங்கள் கேட்டதுபோல் முழு மறுப்பாக வரவில்லை. நிபந்தனைகளோடு ஒப்புதல். படுக்கைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கழிவுநீர்க் குழாயை விண்ணப்பதாரர் செலவில் பெரிதாக்கிய பிறகுதான் கட்டடத்தில் ஆட்கள் குடிவர அனுமதிக்கும் சான்றிதழ் என்றார்கள். வாசலை வளைவிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார்கள். மழைநீரைத் தேக்கி மெல்ல விடும் தொட்டி கேட்டார்கள். தெருவில் பாதிப் பேர் இதைத் தோல்வி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது, ஆண்டியின் வாசல் உலர்ந்தது. ஒரு நகரம் இப்படித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒப்புதல் பிடிக்காவிட்டால் முடிவு கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது மாநகராட்சியின் நிர்வாகத் தலைமைக்கோ அதற்கென நியமித்த அமைப்புக்கோ போகும். காரணம் எழுத்தில் கேட்கும் உரிமையும் உண்டு. அதற்குப் பின் நீதிமன்றம். நீதிமன்றம் எவ்வளவு நீளும் என்பதற்கு டர்பனின் பெரியா பகுதியில், கரி சாலையில் ஒரு கட்டடம் எடுத்துக்காட்டாக நிற்கிறது. மண்டல மாற்றம் பற்றித் தங்களுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 2015-இல் உயர் நீதிமன்றம் கட்டடத்தில் ஒரு பகுதியை இடிக்க உத்தரவிட்டது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு நடந்த காலமெல்லாம் கட்டடம் அங்கேயே இருந்தது. முப்பது நாளுக்குள் எழுதும் ஒரு கடிதத்துக்கு இருக்கும் பலம், கான்கிரீட் எழும்பிய பின் எந்த வக்கீலுக்கும் இருப்பதில்லை.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். கராஜில் தொடங்கிய அம்மன் கோயில்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ. திருவிழா நாளில் தெரு நிறையக் கார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தால் நம் மனம் புண்படுகிறது. ஆனால் வழிபாட்டு இடத்துக்கும் அதே சிறப்பு ஒப்புதல் தேவை, அதே நோட்டீஸ், அதே 30 நாள். முன்கூட்டியே விண்ணப்பித்து, கார் எங்கே நிற்கும், மேளம் எத்தனை மணிக்கு அடங்கும் என்று எழுதிக் கொடுத்த கோயில்களுக்கு நான் படம் போட்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தார் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் உண்டு.

மண்டலம் கிடைத்தால் கட்டலாம் என்று சிலர் உடனே கடைக்கால் தோண்டிவிடுகிறார்கள். கூடாது. பிளான் பாஸ், அதாவது கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்குவது, தனிப் படி. 1977-ஆம் ஆண்டின் கட்டட விதிச் சட்டம் அதை ஆள்கிறது. 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடம் என்றால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள் என்று மாநகராட்சிக்கும் கெடு வைத்திருக்கிறது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்று டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊருக்குத் தெரியும். 2013 நவம்பர் 19-ஆம் தேதி, கட்டிக்கொண்டிருந்த மால் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். பிளான் பாஸ் ஆகவில்லை. வேலையை நிறுத்த மாநகராட்சி நீதிமன்ற உத்தரவே வாங்கியிருந்தது. உத்தரவு கையில் இருந்தும் வேலை நடந்தது. பிளான் பாஸ் ஆனதோடு காவல் முடிந்துவிடாது என்பதையும் மறக்க முடியாது: 2024 மே 6-ஆம் தேதி ஜார்ஜ் நகரில் இடிந்து 34 பேரைக் கொன்ற கட்டடத்துக்கு வரைபட ஒப்புதல் இருந்தது.

கண்காணிப்புதான் இந்த அமைப்பின் மெலிந்த இடம். டர்பனின் கிளேர்வுட் பகுதிக்குப் போனால் தெரியும். சிவசுப்பிரமணியர் கோயிலும் காவடியும் உள்ள பழைய தமிழ்க் குடியிருப்பு. அதைத் தொழிற்பகுதியாக்கும் முயற்சியை எதிர்த்து 1950-களிலிருந்தே அங்குள்ளவர்கள் போராடியிருக்கிறார்கள். இன்றைக்கு வீட்டு மண்டலம் என்று வரைபடத்தில் உள்ள தெருக்களிலேயே லாரிகளும் கண்டெய்னர்களும் நிற்கின்றன. யாரும் மண்டலத்தை மாற்றவில்லை, மாற்றக் கேட்கவும் இல்லை, நோட்டீஸும் கட்டவில்லை. வண்டிகள் வந்தன, வீடுகள் காலியாயின. விண்ணப்பித்தவரை நூறு கேள்வி கேட்டு நிபந்தனை போடுகிற ஊர், விண்ணப்பிக்காமலே செய்கிறவரைத் தொடாமல் விட்டால் ஒழுங்காக நடக்கிறவருக்குத்தான் தண்டனை. மண்டல மீறலைப் பார்த்து நடவடிக்கை எடுக்க அதிக ஆய்வாளர்கள் வேண்டும், அதற்குப் பட்ஜெட் வேண்டும். இதைக் கேட்க வேண்டியது கவுன்சிலரிடம். இது அவர் கைதூக்கக்கூடிய விஷயம்.

எங்கள் மேல்தெரு விடுதியின் நிபந்தனைக் கடிதத்தை நகலெடுத்து ஐந்தாறு வீடுகளிலும் கோயில் அலுவலகத்திலும் வைத்திருக்கிறோம். போன மாதம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கூரைக் கொட்டகை எழும்பியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் அதைப் படம் எடுத்து, எத்தனையாவது நிபந்தனைக்கு மாறானது என்று எண் குறிப்பிட்டு, முதலில் விடுதி மேலாளருக்கும் பிறகு மாநகராட்சிக்கும் எழுதினார். கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.